ஒரே அளவில் நின்ற நோட்டு: ஃபீல்டு நோட்ஸ் தொழில் தொடங்கிய விதம்

அகலம் மூன்றரை அங்குலம், உயரம் ஐந்தரை அங்குலம். 48 பக்கம். காக்கி அட்டை, நடுமடிப்பில் மூன்று பின், வளைத்து வெட்டிய முனைகள். ஃபீல்டு நோட்ஸ் என்னும் அமெரிக்கப் பாக்கெட் நோட்டை இத்தனை சொற்களில் முழுவதுமாகச் சொல்லிவிடலாம். 2007இல் அது விற்பனைக்கு வந்தது. அதன்பின் டஜன் கணக்கில் புதுப் பதிப்புகள் வந்துவிட்டன. மரத்தில் அட்டை போட்டிருக்கிறார்கள், வெயில் பட்டால் நிறம் மாறும் மையில் அச்சடித்திருக்கிறார்கள், தண்ணீரில் ஊறாத தாளில் நோட்டு போட்டிருக்கிறார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் அளவும் பக்கக் கணக்கும் முதல் நோட்டில் இருந்தவைதான்.

ஸ்டேஷனரி வடிவமைப்பைச் சிறிய அளவில் தொழிலாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் வேறு வழியில்தான் இறங்குகிறார்கள். வாழ்த்து அட்டை, நோட்டு, ஸ்டிக்கர், மேசைக் காலண்டர், புக்மார்க், பரிசு உறை என்று முதல் மாதமே பத்து சாமான். ஒவ்வொன்றுக்கும் தனி அளவு, தனித் தாள், தனி அச்சகம், தனிப் பொட்டலம். சீக்கிரமே கைப்பணம் முழுக்க அலமாரியில் காகிதமாக முடங்கிவிடும். எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று கண்டுபிடிக்கக்கூட மிச்சப் பணம் இருக்காது. இந்தக் கோணத்திலிருந்துதான் ஃபீல்டு நோட்ஸை எடுத்துப் பார்க்கிறேன். அதைப் பற்றிப் பேசுபவர்கள் அட்டைகளின் அழகைப் பேசுவார்கள். அந்த அழகை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிலைத் தாங்கி நின்றது அளவை முதல் நாளே பூட்டி வைத்த முடிவுதான் என்பது என் துணிபு. மற்ற எல்லாச் சுதந்திரமும் அந்த ஒரு பூட்டிலிருந்து வந்தது.

விதைக்கடை கொடுத்த நோட்டு

ஆரன் டிராப்ளின் மிச்சிகன் மாநிலத்துக்காரர். மினியாபொலிஸில் கலைக் கல்லூரிப் படிப்பு, கலிஃபோர்னியாவில் பனிச்சறுக்குப் பலகை இதழ் ஒன்றில் கலை இயக்குநர் வேலை, பிறகு ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் குடியேற்றம். 2004இல் அங்கே டிராப்ளின் டிசைன் கம்பெனி என்று தன் பெயரிலேயே தனியாகத் தொழில் தொடங்கினார். லோகோ வரைவதில் பேர் பெற்றவர்.

அவருக்குப் பழைய அச்சுப் பொருள் சேர்க்கும் பழக்கம் உண்டு. அப்படிச் சேர்த்தவற்றில் ஒரு வகைதான் இந்தத் தொழிலின் வித்து. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் விதைக் கம்பெனிகள், உரக் கம்பெனிகள், டிராக்டர் விற்பவர்கள், தானியக் கிடங்குக்காரர்கள், தீவனக் கடைக்காரர்கள் எல்லாரும் விவசாயிகளுக்கு இலவசமாகச் சின்ன நோட்டுகள் கொடுத்துவந்தார்கள். சட்டைப் பையில் அடங்கும் அளவு. அட்டையில் கம்பெனியின் பெயரும் சின்னமும். உள்ளே அந்த ஆண்டின் நாட்காட்டி, எடை அளவை வாய்ப்பாடு, கால்நடைகளின் சினைக்காலக் கணக்கு, மிச்சமெல்லாம் எழுதுவதற்கான தாள். நம் ஊர் உரக்கடையும் நகைக்கடையும் புத்தாண்டுக்குக் கொடுக்கும் பாக்கெட் டைரியைப் போன்ற ஒன்று. எந்த வயலில் எந்த விதை, எத்தனை மூட்டை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று அதில் ஏறும். ஆண்டு முடிந்ததும் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். டிராப்ளின் பழம்பொருள் சந்தைகளிலும், வீட்டைக் காலி செய்பவர்கள் போடும் விற்பனைகளிலும் இவற்றைத் தேடித் தேடி எடுத்தார். டெகால்ப் விதைக் கம்பெனியின் சிறகு முளைத்த மக்காச்சோளக் கதிர் போன்ற சின்னங்கள் அந்த அட்டைகளில் இருக்கும். வரைந்தவர் பெயர் எதிலும் இருக்காது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பொருளைப் பார்த்துப் புதிய ஸ்டேஷனரி செய்பவர்கள் பொதுவாக அதன் அலங்காரத்தை எடுத்துக்கொள்வார்கள்: பூவேலை, பழுப்பேறிய நிறம், தேய்ந்த எழுத்து. டிராப்ளின் எடுத்துக்கொண்டது அந்த நோட்டுகளின் சிக்கனத்தை. இலவசமாகக் கொடுக்கும் பொருள் என்பதால் அவற்றில் ஒரு மை, மிஞ்சினால் இரண்டு மை. சாதா அட்டை. தையலுக்குப் பதில் பின். எட்டத்திலிருந்தே படிக்கும்படி தடித்த எழுத்து. இத்தனையும் செலவைக் குறைப்பதற்காகச் செய்தவை. பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது அதுவே ஒரு முகமாக நிற்கிறது. கையில் அதிகப் பணமில்லாமல் தொடங்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடைக்காது. நான்கு வண்ண அச்சு, லாமினேஷன், ஃபாயில் எதுவும் இல்லாமலேயே அந்த முகம் முழுமையாக இருக்கிறது. பொருளின் தோற்றமும் தொடங்குபவரின் பையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின.

முதல் நோட்டுகளை டிராப்ளின் கையாலேயே அச்சிட்டு, வெட்டி, பின் அடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவற்றில் சில சிகாகோவில் இருந்த ஜிம் கூடாலிடம் போய்ச் சேர்ந்தன.

இரண்டு பட்டறைகள்

கூடால் பார்ட்னர்ஸ் அவர் நடத்திய ஒரு சிறிய விளம்பர, வடிவமைப்பு நிறுவனம். வாடிக்கையாளர்களுக்காக மட்டும் உழைப்பதைக் குறைத்துக்கொண்டு, சொந்தப் பொருள்களைச் செய்து விற்கும் பக்கம் அது ஏற்கெனவே நகர்ந்திருந்தது. குறுந்தகடுகளைச் சிறு எண்ணிக்கையில் அழகாக உறையிட்டுக் கொடுக்க விரும்பும் டிசைனர்களுக்காக ஜுவல்பாக்ஸிங் என்ற பெட்டித் தொகுப்பை விற்றுவந்தார்கள். 2006இல் டெக் என்ற பெயரில் இணையதளங்களுக்கான சிறிய விளம்பர வலையமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுடைய இணையதளத்தை டிசைனர்கள் விரும்பிப் படித்துவந்தார்கள். அதாவது பொருளைப் பெட்டியில் போட்டு ஊருக்கு ஊர் அனுப்பும் பழக்கமும், பணம் வசூலிக்கும் ஏற்பாடும், கேட்கக் காத்திருக்கும் கூட்டமும் அவர்களிடம் முன்பே இருந்தன. டிராப்ளினிடம் இருந்தது நோட்டு. 2007இல் இரண்டு தரப்பும் சேர்ந்து ஃபீல்டு நோட்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

இந்தக் கூட்டு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வரைபவர் ஒருவரே தாள் வாங்கி, அச்சகத்தில் நின்று, பொட்டலம் கட்டி, தபால் அலுவலகம் போய், கடைக்காரரிடம் பாக்கி கேட்டு எல்லாவற்றையும் செய்ய முனையும்போது முதலில் செத்துப்போவது வரைதல்தான். அன்றாட வியாபாரம் சிகாகோவில் நடந்தது, டிராப்ளின் போர்ட்லேண்டிலேயே இருந்து தன் லோகோ வேலையைத் தொடர்ந்தார். இடையில் சாலை வழியாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இருவருமே வேறு வருமானம் உள்ளவர்கள். 2009இல் அமெரிக்க அரசின் பொருளாதார மீட்புத் திட்டத்துக்கான சின்னத்தை வடிவமைத்த குழுவில் டிராப்ளின் இருந்தார். அப்போது நோட்டுத் தொழிலுக்கு வயது இரண்டுதான். அந்த இரண்டு ஆண்டில் நோட்டு லாபம் தந்தே தீர வேண்டும் என்ற கழுத்துப்பிடி இருந்திருந்தால் கண்டதையெல்லாம் செய்யத் தூண்டியிருக்கும். அளவைப் பூட்டி வைப்பது கடினமாகியிருக்கும். இந்த நிறுவனத்தை முன்மாதிரியாகக் கொள்பவர்கள் அந்த வருமானத்தையும், முன்பே சேர்ந்திருந்த வாசகர் கூட்டத்தையும் முதலீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். ரூபாய் நோட்டாகத் தெரியாவிட்டாலும் அவையும் முதல்தான்.

அட்டையின் உட்பக்கம்

இந்த நோட்டில் நான் மிகவும் மதிக்கும் இடம் அட்டையின் உள்பக்கம்.

முன்னட்டையின் உள்ளே பெயர், முகவரி, எழுதத் தொடங்கிய நாள், முடித்த நாள் என்று இடம் விட்டிருக்கிறார்கள். தொலைந்து யாராவது கண்டெடுத்தால் பரிசு உண்டா இல்லையா என்று குறிப்பதற்கும் கட்டம் உண்டு. பின்னட்டையின் உள்ளே அங்குலத்தில் அளக்க ஓர் அளவுகோல். இந்த நோட்டை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு நீண்ட பட்டியல். அதோடு நோட்டு எப்படிச் செய்யப்பட்டது என்ற முழு விவரம். அட்டை எந்த ஆலையின் எந்தத் தாள், உள்தாள் எது, எந்த மை, எந்த இயந்திரத்தில் பின் அடித்தது, எந்த இயந்திரத்தில் முனையை வளைத்தது, எழுத்துரு எது, அதை வடிவமைத்தவர் யார், எந்த ஆண்டில் என்பது வரை எழுதியிருப்பார்கள். அட்டையில் உள்ள எழுத்து ஃபியூச்சுரா; ஜெர்மானியரான பால் ரென்னர் வடிவமைத்து 1927இல் வெளிவந்தது. துணைக்கு வருவது செஞ்சுரி, 1890களில் லின் பாய்ட் பென்டன் வடித்தது. கட்டம் போட்ட தாளின் வெளிர் பழுப்பு மைக்குக்கூட ஒரு பெயர் உண்டு: டபுள் நீ டக் கேன்வாஸ். முழங்காலில் இரட்டைத் துணி வைத்துத் தைத்த, தொழிலாளர்கள் போடும் முரட்டுக் கால்சட்டையின் நிறம் அது. அந்த மை வெளிறியிருப்பதால் பென்சில் எழுத்து கட்டத்தைத் தாண்டி மேலே நிற்கிறது.

காக்கி அட்டைக்கான தாள் பிரெஞ்ச் பேப்பர் கம்பெனியுடையது. பெயரில்தான் பிரெஞ்ச். ஆலை இருப்பது மிச்சிகனின் நைல்ஸ் என்ற ஊரில். 1871இல் தொடங்கியது, ஒரே குடும்பத்தின் கையில் தலைமுறை தலைமுறையாக நடந்தது, ஆற்று நீரிலிருந்து சொந்தமாக மின்சாரம் எடுத்துக்கொண்டது. நிறமேற்றிய அட்டைத் தாள்களுக்கு டிசைனர்களிடையே பெயர் போன ஆலை. டிராப்ளினின் சொந்த மாநிலத்து ஆலையும்கூட.

இந்த விவரங்களை அச்சிடுவதற்குத் தனிச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அது சாதித்தது பெரிது. நோட்டு என்பது கடைக்காரர் பெயர் மட்டும் தெரிந்த ஊர்பேர் இல்லாத சரக்கு. தாள் எங்கிருந்து வந்தது, யார் அச்சடித்தார்கள் என்று வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவர் சொல்வதில்லை. அதைச் சொன்னதுமே கையில் இருப்பது ஒருவர் செய்த பொருளாக மாறிவிடுகிறது. அச்சகத்துக்கும் தாள் ஆலைக்கும் எழுத்து வடித்தவருக்கும் உரிய பெயரைக் கொடுப்பது நேர்மையான செயல். அந்த நேர்மை வியாபாரத்துக்கும் உதவியிருக்கிறது. தாளையும் மையையும் பற்றி ஆர்வம் கொண்ட வாசகர்களை அந்தப் பக்கமே உருவாக்கியது. அடுத்த பதிப்பில் என்ன தாள், என்ன அச்சு என்று காத்திருக்கத் தொடங்கியவர்கள் அவர்கள்தான்.

அச்சுக் கணக்கு

நடுமடிப்பில் பின் அடிக்கும் நோட்டில் ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். அதனால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் வரும். 48 பக்கம் என்றால் பன்னிரண்டு மடித்த தாள், அல்லது அச்சகக் கணக்கில் 16 பக்க ஃபாரம் மூன்று. சென்டர் பின் போட்டால் நோட்டு திறந்தபடி படுக்கும். இதற்கு மேல் பக்கம் கூடினால் நடு முதுகு புடைக்கும், உள்தாள் வெளியே பிதுங்கும், கால்சட்டைப் பையில் உட்காராது. மெல்லிய நோட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. சீக்கிரம் தீரும். இருநூறு பக்க டைரி வாங்கியவர் அடுத்த ஆண்டுதான் திரும்பி வருவார். 48 பக்கத்தை ஒழுங்காக எழுதுபவர் சில வாரங்களில் வருவார். அதோடு, தீர்ந்த நோட்டைக் கையில் வைத்துப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது.

தனி நோட்டாக விற்காமல் மூன்று நோட்டை ஒரு காகிதப் பட்டையில் சுற்றி ஒரு கட்டாக விற்றார்கள். கட்டம் போட்டது, கோடு போட்டது, வெறுந்தாள் என்று மூன்று வகை, கலந்தும் வாங்கலாம். சிறு ஸ்டேஷனரியில் அடிபடும் இடம் இதுதான். ஒரு பொருளின் விலை குறைவாக இருந்தால் அதை எடுத்து, உறையில் போட்டு, முகவரி ஒட்டி அனுப்பும் கூலியும் தபால் செலவும் லாபத்தைத் தின்றுவிடும். கடை வழியாக விற்றால் விற்பனை விலையில் வழக்கமாகப் பாதி கடைக்காரருக்குப் போகும். மிச்சப் பாதியில்தான் தாள், அச்சு, பொட்டலம், நம் கூலி எல்லாம். மூன்றாகக் கட்டினால் ஒரு விற்பனையின் மதிப்பு இந்தச் செலவைத் தாங்கும் உயரத்துக்கு வருகிறது.

இனி அச்சு எண்ணிக்கை. ஆஃப்செட் அச்சில் பிளேட் போடுவது, மெஷின் செட் செய்வது, மை சரிபார்ப்பது, அதற்கு வீணாகும் தாள், கட்டிங்குக்கு அளவு வைப்பது ஆகியவை நூறு பிரதிக்கும் ஒன்றுதான், பத்தாயிரத்துக்கும் ஒன்றுதான். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். இந்த நிலையான செலவு 30,000 ரூபாய், அதற்கு மேல் நோட்டுக்கு 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் நோட்டு அடித்தால் ஒன்றின் அடக்கம் 42 ரூபாய். ஐயாயிரம் அடித்தால் 18 ரூபாய். அச்சகக்காரர் இந்த இரண்டு எண்ணையும் சொல்லும்போது யாருக்கும் ஐயாயிரம் அடிக்கத்தான் தோன்றும். ஆனால் ஐயாயிரத்தில் இரண்டாயிரம்தான் விற்கிறது என்றால், போட்ட 90,000 ரூபாயை அந்த இரண்டாயிரத்தின் மேல் ஏற்ற வேண்டும். விற்ற நோட்டின் உண்மையான அடக்கம் 45 ரூபாய். ஆயிரம் அடித்து முழுவதும் விற்றதைவிட அதிகம். அதற்கு மேல் மூவாயிரம் நோட்டைக் கறையான் படாமல் காக்கும் வேலையும் சேரும்.

எத்தனை விற்கும் என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் குறைந்த அடக்க விலை உண்மையில் நம் கைக்கு வரும். சிறு ஸ்டேஷனரித் தொழிலின் பெரும் சிக்கல் இதுவே. அளவைப் பூட்டியது இதில் பாதியைத் தீர்த்தது. பதிப்பு மாறினாலும் கட்டிங் அளவு மாறாது, முனை வளைக்கும் அச்சு மாறாது, சுற்றும் பட்டை மாறாது, அட்டைப்பெட்டி மாறாது, தபால் எடை ஏறத்தாழ மாறாது, கடைகளில் வைக்கும் தட்டு மாறாது. புதிய பதிப்பு என்றால் அட்டையைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும். மீதிப் பாதியைத் தீர்த்தது சந்தா.

சந்தா

2009இல் கலர்ஸ் என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒரு சிறப்புப் பதிப்பைத் தொடங்கினார்கள். முதலாவது கசாப்புக்கடையில் பொட்டலம் கட்டும் தாளின் பெயரைக் கொண்ட ஆரஞ்சு நிற அட்டை. ஆண்டுக்கு நான்கு பதிப்பு. ஓராண்டுக்குரிய பணத்தை முன்பே கட்டிச் சேரலாம். என்ன வரப்போகிறது என்று கட்டுபவருக்குத் தெரியாது.

பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது பழைய வழக்கம். வெற்று நோட்டுக்குச் சந்தா என்பது கேட்க விந்தையாக இருக்கலாம். ஆனால் அச்சகத்தின் கண்ணில் இதைவிடத் தெளிவான ஏற்பாடு இல்லை. தாளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே பணம் கையில் இருக்கிறது. குறைந்தபட்சம் எத்தனை கட்டு கண்டிப்பாகப் போகும் என்று தெரிகிறது. அதன்மேல் கடைகளுக்கும் சில்லறைக்கும் எவ்வளவு என்று மட்டும் மதிப்பிட்டால் போதும். சிறப்புப் பதிப்புகளில் எத்தனை அடித்தோம் என்ற எண்ணையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். தீர்ந்தால் பொதுவாக மறுபடி அடிப்பதில்லை. வாங்குபவர் நம்பிக்கையோடு முன்பணம் கட்டுவதற்கு அந்த எண் ஒரு காரணம்.

கையில் உறுதியான எண்ணிக்கை வந்தபிறகு அவர்கள் செய்த சோதனைகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 2010இல் வந்த கவுண்டி ஃபேர் தொகுப்பில் ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனிக் கட்டு. கிராமக் கண்காட்சிகளில் பரிசாகக் கொடுக்கும் ரிப்பன்களின் நீலம், சிவப்பு, மஞ்சள் அட்டையில் பொன்னிற ஃபாயில். வடிவமைப்பு ஒன்று, மாறுவது மாநிலப் பெயரும் தகவலும்தான். 2012 குளிர்காலத்து எக்ஸ்பெடிஷன் யூப்போ என்ற செயற்கைத் தாளில் வந்தது. கிழியாது, நனையாது. அதைப் பிறகு நிரந்தரச் சரக்காக வைத்துக்கொண்டார்கள். 2014 வசந்தத்தின் ஷெல்டர்வுட்டில் செர்ரி மரத்தை இழைத்த மெல்லிய ஏட்டைக் காகிதத்தோடு ஒட்டி அட்டையாக்கினார்கள். மரத்தின் வரிகள் என்பதால் ஒரு நோட்டைப் போல் இன்னொன்று இருக்காது. 2015 குளிர்காலத்து ஸ்னோபிளைண்ட் வீட்டுக்குள் வெள்ளையாக இருக்கும், வெயிலில் பிடித்தால் நீலமாகும்.

2015இல் வந்த டூ ரிவர்ஸ் என் மனத்துக்கு நெருக்கமானது. விஸ்கான்சின் மாநிலத்து டூ ரிவர்ஸ் ஊரில் 1880இல் தொடங்கிய ஹாமில்டன் கம்பெனி, சுவரொட்டிகளுக்கான மர எழுத்துகளைச் செய்து நாடு முழுவதும் விற்றது. அந்த எழுத்துகளைக் காக்கும் அருங்காட்சியகம் இப்போது அங்கே இருக்கிறது. அதன் பழைய மர எழுத்துகளைக் கொண்டு, அட்டைக்கு அட்டை கோர்வையும் நிறமும் மாறும்படி அச்சடித்தார்கள். வருமானத்தில் ஒரு பங்கு அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு குறும்படம் எடுப்பது அவர்கள் வழக்கம். தாள் ஆலை, அச்சு இயந்திரம், வேலை செய்யும் கை எல்லாம் அதில் வரும். விளம்பர நிறுவனமாக இருந்த நாள்களின் கைப்பழக்கம் அங்கே பயன்பட்டது.

இந்தப் பதிப்புகளில் எதை எடுத்தாலும் புதுமை ஒரே இடத்தில் இருப்பதைக் காணலாம். மரம் என்றால் மரம் மட்டும் புதிது. அளவும் பின்னும் முனையும் பழையவை. தெரியாத செயல்முறை ஒன்றை முயலும்போது மற்ற எல்லாம் தெரிந்ததாக இருந்தால், எங்கே பிசகுகிறது என்று உடனே தெரியும்.

ஒட்டாத இடங்கள்

ஊற்றுப்பேனாவில் எழுதுபவர்களுக்கு இந்த நோட்டின் சாதா உள்தாள் ஒத்துவராது. மை பரவும், பின்பக்கம் ஊறும். பென்சிலும் பந்துமுனைப் பேனாவும்தான் அதற்குத் துணை. எக்ஸ்பெடிஷனின் செயற்கைத் தாளில் ஊற்றுப்பேனா மை காயவே காயாது. மூலமான விவசாயி நோட்டுக்கு விசுவாசமாக இருந்ததன் விலை இது. அந்த விவசாயி கையில் பென்சில்தான் இருந்தது. எழுதும் சுகத்துக்காகவே நோட்டு வாங்கும் கூட்டத்தை அவர்கள் பெரும்பாலும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். தொடங்கும் நிலையில் அது சரியான முடிவு என்றே எண்ணுகிறேன். எல்லாருக்கும் பிடிக்கும் தாள் தேடிப் போனால் விலை ஏறும், தடிமன் ஏறும், நோட்டு பையை விட்டு வெளியே வந்துவிடும்.

இன்னொரு சிக்கல் சேகரிப்பவர்கள். ஆரம்பகாலப் பதிப்புகள் ஏலத்தில் மூல விலையைப் போலப் பல மடங்குக்குப் போகின்றன. கட்டைப் பிரிக்காமலேயே பெட்டியில் அடுக்கி வைப்பவர்கள் ஏராளம். எழுதித் தீர்ப்பதற்காகச் செய்த மலிவான பொருள், எழுதப்படாமல் பாதுகாக்கப்படுகிறது. விற்பனைக்கு இது நல்லது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எழுதுபவர் வாங்கினால் நோட்டு தீர்ந்ததும் திரும்பி வருவார். சேகரிப்பவர் புதுமை இருக்கும்வரைதான் வருவார். ஒவ்வொரு மூன்று மாதமும் முந்தையதை மிஞ்ச வேண்டும் என்ற சுமை சந்தாவோடு சேர்ந்தே வந்தது. அந்தச் சுமையில் சில வேளை அளவையும் மாற்றினார்கள். 2014 கோடையின் ஆர்ட்ஸ் அண்ட் சயன்சஸ் பெரிய அளவில் வந்தது, 2016இன் பைலைன் நிருபர்கள் கையில் பிடிக்கும் நீள நோட்டாக வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அருமையான நோட்டுகள். அடுக்கில் மற்றவற்றோடு சேராதவை.

மூன்றாவது வருமான வழி ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. நிறுவனங்கள் தங்கள் பெயர் பதித்த ஃபீல்டு நோட்ஸைப் பணம் கொடுத்து அடித்து வாங்கிக்கொள்ளலாம். விதைக்கடை இலவசமாகக் கொடுத்த விளம்பர நோட்டிலிருந்து பிறந்த பொருள், விளம்பர நோட்டாகவே மறுபடியும் அலுவலகங்களுக்குப் போனது. இந்த வேலையில் விற்காமல் தங்கும் சரக்கே இல்லை. அடித்தது அத்தனையும் ஆர்டர் கொடுத்தவருக்கு. ஜே. க்ரூ போன்ற பெரிய துணிக்கடைகள் நோட்டை அலமாரியில் வைத்தது பேரைப் பரப்பியது. பெயர் பரவியபின் இந்தத் தனி ஆர்டர்கள் நிதானமான வரவைக் கொடுக்கும். சிறிய அளவில் தொடங்குபவர்கள் இப்படிப்பட்ட வேலையைத் தாழ்வாக நினைத்து ஒதுக்குவதைப் பார்க்கிறேன். அளவும் தாளும் தயாராக இருக்கும் ஒருவருக்கு அட்டையில் ஒரு பெயரை மாற்றுவது அரை நாள் வேலை.

ஒன்பது அச்சகங்கள்

2020 இலையுதிர்காலத்தில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் லெட்டர்பிரஸ் என்ற பதிப்பு வந்தது. லெட்டர்பிரஸ் என்பது மேடாக நிற்கும் எழுத்தில் மை பூசித் தாளில் அழுத்தி அடிக்கும் பழைய அச்சு முறை. நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கும் ஒன்பது சிறிய லெட்டர்பிரஸ் அச்சகங்களிடம் ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். எதை வேண்டுமானாலும் வடிவமைத்து அவரவர் இயந்திரத்தில் அடிக்கலாம். ஒரு கட்டுக்கு மூன்று நோட்டு என்பதால் மூன்று கட்டில் ஒன்பதும் அடங்கின. பெருந்தொற்றுக் காலம் அது. கல்யாணப் பத்திரிகையையும் விழா அழைப்பையும் நம்பியிருந்த சிறு அச்சகங்களுக்கு வேலை வற்றியிருந்த ஆண்டு.

நடைமுறையாக யோசித்தால் ஒன்பது வெவ்வேறு பட்டறைகள், ஒன்பது விதமான இயந்திரங்கள், ஒன்பது பேரின் கைவாகு. ஒருவர் மர எழுத்தில் அடிப்பார், இன்னொருவர் பாலிமர் பிளேட்டில். இவற்றையெல்லாம் ஒரே தரத்தில் ஒரே நாளில் கடைக்குக் கொண்டுவருவது பெரிய பதிப்பகத்துக்கே தலைவலியான வேலை. இங்கே பட்டறைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது அட்டையின் அளவு, மடிப்பு விழும் இடம், முனை வளையும் இடம். 2007 முதல் மாறாத எண்கள். அட்டைகள் அடித்து வந்ததும் வழக்கமான உள்தாளைச் சேர்த்து, வழக்கமான மூன்று பின்னை அடித்து, வழக்கமான பெட்டியில் போட்டு அனுப்பலாம். ஒவ்வோர் அட்டையிலும் அதை அடித்த அச்சகத்தின் பெயர் இருந்தது.